மலை லூபினை மாடியில் வளர்ப்பது: விதையில் தொடங்கிக் காய் வரை அடையாளம் காண

விதை கடுகளவு இருந்தால் அது லூபின் இல்லை. பாக்கெட்டின் மேல் என்ன படம் போட்டிருந்தாலும் சரி. லூபின் பயறு வகையைச் சேர்ந்த பூச்செடி. அதன் விதை ஏறத்தாழ உளுந்து அளவு இருக்கும், கொஞ்சம் தட்டையாக, ஓரம் கோணலாக, சாம்பலும் பழுப்பும் கலந்து புள்ளி விழுந்து, ஆற்றுமணலில் பொறுக்கிய சிறு கூழாங்கல் மாதிரி. இதை நான் தெரிந்துகொண்டது 180 ரூபாய் போன பிறகு. ஆன்லைனில் "நீல மலை லூபின்" என்று வாங்கிய பாக்கெட்டில் இருந்தது கசகசா போன்ற தூசு விதை. முளைத்தது என்ன செடி என்று இன்றுவரை தெரியாது. வானவில் ஏழு நிறமும் ஒரே கதிரில் பூத்த மாதிரி படம் போட்டு விற்பவரிடம் எதையும் வாங்காதீர்கள். அப்படி ஒரு லூபின் உலகத்திலேயே கிடையாது.

நான் இருப்பது மடிப்பாக்கத்தில், மூன்றாவது மாடி. லூபின் ஆசை வந்தது அக்காவால். அவள் இருக்கும் அமெரிக்காவின் சியாட்டிலில் இருந்து ரெய்னியர் மலை கார் தூரம். ஆகஸ்டில் அங்கே பாரடைஸ் என்ற இடத்தில் பனி உருகிய புல்வெளி முழுக்க நீலமாக நிற்பதைப் படம் எடுத்து அனுப்பினாள். "நம்ம மாடியில வருமாடா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில்: அந்தச் செடி வராது. அதன் உறவுக்காரர் இரண்டு பேர் வருவார்கள், அதுவும் விருந்தாளியாக, கார்த்திகையில் வந்து மாசி கடைசியில் விடைபெறுகிற கணக்கில்.

எந்த லூபினை எடுப்பது

லூபினில் இருநூறு இனங்களுக்கு மேல் உண்டு. பெரும்பாலானவை வட அமெரிக்காவின் மேற்கு மலைகளிலும் தென் அமெரிக்காவின் ஆண்டீஸிலும் இருக்கின்றன. மத்திய தரைக்கடல் ஓரமாக ஒரு டஜன் இனம். மலை இனங்களில் பல, வருடக்கணக்கில் வாழ்பவை. பனிக்கடியில் வேர் உறங்கி, ஒரு குளிர்காலத்தைக் கடந்தபின்தான் நன்றாகப் பூக்கும். சென்னையில் ஜனவரி இரவில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. அந்தச் செடிக்கு இது குளிர்காலமே இல்லை. இலை விட்டு, வெயில் ஏறியதும் வாடி, ஒரு மொட்டுகூட வைக்காமல் போய்விடும்.

கடைகளில் அதிகம் கிடைக்கும் "ரஸ்ஸல்" கலவையும் இந்த ரகம்தான். அது காட்டுச் செடியும் அல்ல. இங்கிலாந்தின் யார்க் நகரத்துத் தோட்டக்காரர் ஜார்ஜ் ரஸ்ஸல் பல வருடம் பொறுக்கிப் பொறுக்கி உருவாக்கி 1937இல் வெளியே காட்டிய கலப்பினம். ஊட்டிக்கு அது ஆகும், நமக்கு ஆகாது.

நமக்கு வேண்டியது ஒரே பருவத்தில் முளைத்துப் பூத்து முடிகிற இனம். இரண்டைச் சொல்வேன். ஒன்று லூபினஸ் ஹார்ட்வேகி: மெக்சிகோவின் மலைப்பகுதிச் செடி, இடுப்பு உயரம் வரை போகும், தண்டு இலை எல்லாம் பூனைமயிர். இன்னொன்று லூபினஸ் டெக்சென்சிஸ்: டெக்சாஸ் மாநிலத்தின் பூ, முழங்கால் உயரம்கூட வராது. இரண்டாவது மலைச்செடி இல்லை. ஆனால் முதல்முறை வளர்ப்பவருக்கு அதுதான் ஏமாற்றாது. பாக்கெட்டில் இனப்பெயர் முழுதாக அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். "லூபின் மிக்ஸ்" என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் ரஸ்ஸல்.

வெளிநாட்டில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மலையில் பார்த்த செடியிலிருந்து நாலு காயைப் பறித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காவில் பூவைப் பறிப்பதே குற்றம். இந்தியாவுக்குள் விதை கொண்டுவர 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். விமான நிலையத்தில் பிடித்தால் விதையோடு மானமும் போகும். இங்கே உரிமம் பெற்ற விதைக் கடைகளில் குளிர்காலப் பூவிதை வரும் செப்டம்பர், அக்டோபரில் கேளுங்கள்.

விதையை எழுப்புதல்

பயறு ஊறவைக்கும்போது எவ்வளவு நேரம் போனாலும் ஊறாமல் கல்லாகக் கிடக்கும் நாலைந்து மணி இருக்குமே, வாயில் பட்டால் பல் போகும், லூபினில் கிட்டத்தட்ட எல்லா விதையும் அப்படித்தான். தோல் தண்ணீரை உள்ளே விடாது. மலையில் பனியும் உறைவதும் உருகுவதும் அந்த வேலையைச் செய்கின்றன. நாம் கையால் செய்ய வேண்டும்.

ஓர் உப்புத்தாள் போதும். விதையில் ஒரு சின்னத் தழும்பு இருக்கும், காயோடு ஒட்டியிருந்த இடம், அதுதான் கண். முளை அங்கிருந்துதான் வரும், அதைத் தொடாதீர்கள். அதற்கு எதிர்ப்பக்கத்தில் உப்புத்தாளில் ஏழெட்டுத் தேய்ப்பு. உள்ளே வெளிர்நிறம் ஊசிமுனை அளவு தெரிந்ததும் நிறுத்துங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு. காலையில் இரண்டு மடங்கு உப்பியிருப்பவை தயார். உப்பாதவற்றை மறுபடி தேய்த்து இன்னோர் இரவு போடுங்கள். ஊறிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிடுங்கள், மாட்டுத்தொட்டியில் அல்ல. காரணம் பின்னால் வருகிறது.

டெக்சென்சிஸுக்கு இவ்வளவே போதும். மற்ற மலை இனங்களை முயன்று பார்த்தே தீருவேன் என்பவர்கள், தேய்த்து ஊறவைத்த விதையை ஈரமான டிஷ்யூ காகிதத்தில் மடித்து, டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் நாலு வாரம் வையுங்கள். ஃப்ரீசரில் அல்ல. டப்பாவின் மேல் எழுதி ஒட்டுங்கள். மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் போனது எங்கள் வீட்டில் ஆறு வாரம் கழித்துப் பூஞ்சைக் காளானோடு கிடைத்தது.

மண்ணும் பையும்

இங்கேதான் நம் ஊர் மாடித்தோட்டக்காரர்களின் பழக்கம் எதிரியாகிறது. நாம் எதற்கெடுத்தாலும் முட்டை ஓட்டுத்தூள் போடுவோம், அடுப்புச் சாம்பல் போடுவோம், சுண்ணாம்பு தெளிப்போம். இவை மூன்றும் பெரும்பாலான லூபின்களுக்கு ஆகாது; டெக்சென்சிஸ் மட்டும் சுண்ணாம்பு மண்ணையும் தாங்கும். மற்றவற்றுக்குச் சற்றே புளிப்பான மண் வேண்டும்; சத்துக் குறைந்த, தண்ணீர் தேங்காத மண் என்பது எல்லா லூபினுக்கும் பொது. எரிமலைச் சாம்பலிலும் சரளைச் சரிவிலும் வளர்ந்த குடும்பம் அது. 1980 மே மாதம் செயின்ட் ஹெலன்ஸ் மலை வெடித்து, அடிவாரம் முழுக்க நுரைக்கல் மூடிக் கிடந்தபோது அங்கே முதலில் வேர் பிடித்த செடிகளில் ஒன்று லூபினஸ் லெபிடஸ் என்ற குட்டை லூபின். காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் பிடித்துவைப்பதால் அதற்கு எருவின் தயவு தேவையில்லை. "லூபஸ்" என்றால் லத்தீனில் ஓநாய். நிலத்தின் சத்தைத் தின்றுவிடும் என்று நினைத்து அந்தக் காலத்தில் வைத்த பெயர் என்பார்கள். நடப்பது நேர் எதிர்.

என் கலவை: செம்மண் நாலு பங்கு, பருமணல் மூன்று, நன்றாகக் கழுவிய கோகோபீட் இரண்டு, மண்புழு உரம் ஒன்று. எம் சாண்டில் கல்தூள் அதிகம், சலித்துக் கழுவாமல் போடாதீர்கள். பை ஓர் அடி ஆழமாவது இருக்க வேண்டும். லூபின் ஆணிவேர்ச் செடி. முளைத்த பத்தாம் நாளே வேர் விரல் நீளம் இறங்கியிருக்கும். நாற்றுத்தட்டில் போட்டு மாற்றி நடலாம் என்று நினைக்காதீர்கள், வேரைத் தொட்டால் சுணங்கும். பூக்கப்போகும் பையிலேயே நேரடியாக, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில், பைக்கு மூன்று விதை. பிறகு நல்லதாக ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரித்துவிடலாம். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும்.

வேர் முடிச்சுக்கு ரைசோபியம் என்ற பாக்டீரியா உரம் போடலாமா என்று கேட்பீர்கள். வேளாண் கடையில் கிடைப்பது உளுந்துக்கும் நிலக்கடலைக்கும் என்று தயாரித்தது. லூபின் கூட்டுச்சேரும் பாக்டீரியா வேறு வகை. போட்டால் கெடுதல் இல்லை, பலனை எதிர்பார்க்க வேண்டாம். ஒற்றைப் பருவத்துக்கு அந்த ஒரு பங்கு மண்புழு உரமே தாங்கும்.

எப்போது விதைப்பது

நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முதல் வாரத்துக்குள். இதற்கு முன்னால் போட்டால் வடகிழக்குப் பருவமழை அழுக வைக்கும். பின்னால் போட்டால் பூக்கும் நேரத்தில் வெயில் வந்துவிடும். இந்தச் சந்து குறுகலானது. அதிலும் புயல் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது என் பதினோரு நாற்றும் மொட்டை மாடியில் ஒன்றரை நாள் தண்ணீரில் நின்றன. மழை விட்டபின் பார்த்தால் தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் வெந்த கீரை மாதிரி குழைந்திருந்தது. அதுதான் நாற்றழுகல். அதற்குப் பிறகு நான் சன்ஷேடுக்கு அடியில்தான் விதைக்கிறேன். மழை சாரல்கூடப் படாமல், கிழக்கு வெயில் மட்டும் படும்படி. பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால்தான் மாடிக்குப் போகும். மண் கலக்கும்போதே, அழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி ஒரு கைப்பிடி சேர்த்துவிடுங்கள்.

அணிலைச் சொல்ல மறந்தேன். புதிதாகக் கிளறிய மண்ணைப் பார்த்தால் அதற்குப் பொறுக்காது. இரண்டு வாரம் பழைய காய்கறி வலைப்பையை மேலே கட்டிவையுங்கள்.

முளைத்தது லூபின்தானா?

ஒரு வாரத்திலிருந்து பத்து நாளுக்குள் முளைவரும். முதலில் வருவது இலை அல்ல. புளியங்கொட்டை முளைக்கும்போது இரண்டு தடித்த பருப்பு மேலே தூக்கிக்கொண்டு வருமே, அதேபோல் இரண்டு சதைப்பற்றான வித்திலைகள், பச்சையாக, முட்டை வடிவில். அதன் நடுவிலிருந்து முதல் உண்மை இலை மூடிய குடைபோல் எழும்பி விரியும்.

குழப்பம் இந்த இடத்தில்தான். அதே மழைக்கு அதே பையில் நல்வேளை தானாக முளைக்கும். காலி மனையெல்லாம் நிற்குமே, வெள்ளைப் பூவும் நீண்ட மகரந்தக் கம்பிகளுமாக, அதுதான். லூபினைப் போலவே அதற்கும் ஒரே காம்பின் நுனியிலிருந்து ஐந்து சிற்றிலை கைவிரல் மாதிரி விரியும். என் பக்கத்து வீட்டு மாமி வந்து பார்த்துவிட்டு, "ஏண்டா, நல்வேளைக்கு யாராவது பை வாங்கி வைப்பாளா?" என்றார்.

"மாமி, இது வேற. கிள்ளி மோந்து பாருங்கோ."

அவர் கிள்ளியது நல்வேளை அல்ல, என்னிடம் மிச்சமிருந்த ஒரே ஹார்ட்வேகி. இருந்தாலும் சோதனை அதுதான். நல்வேளையைக் கிள்ளினால் கை பிசுபிசுக்கும், கடுகுக் காரமாக ஒரு வாடை எழும். லூபினுக்கு வாடையும் இல்லை, பிசுபிசுப்பும் இல்லை. பச்சைப்பயறு இலை மாதிரி சாதாரணமாக இருக்கும். கண்ணால் பார்க்க இன்னொரு வழி: லூபினின் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒல்லியான இலையடிச் செதில் ஒட்டிக்கொண்டிருக்கும். நல்வேளைக்கு அது கிடையாது. நொச்சிக் கன்றும் விரல் இலைதான், ஆனால் அதன் இலைகள் எதிரெதிராக ஜோடியாக வரும். லூபினில் மாற்றி மாற்றி ஒன்றொன்றாக.

இதெல்லாம் பார்க்கச் சோம்பலாக இருந்தால் மார்கழி விடியலில் மாடிக்குப் போங்கள். சிற்றிலைகள் கூடும் நடுக்குழியில் ஒரே ஒரு பனித்துளி உருண்டையாக உட்கார்ந்திருக்கும். இலையின் நுண்மயிர் தண்ணீரைப் பரவவிடாமல் உருட்டி நடுவில் சேர்த்துவிடுகிறது. லூபினைத் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுப்பது அதுதான். பூ வராத வருடத்தில்கூட எனக்கு அந்தத் துளி போதும் என்று தோன்றியதுண்டு.

தண்ணீர்

போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் உள்ள பகுதிகளில் மூன்றாவது வாரம் புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கலாம். எருக் குறைவு என்று நினைத்து மேலும் எரு போடாதீர்கள். மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியவில்லை என்பதுதான் பொருள். ஆர்ஓ கருவி கழித்துவிடும் தண்ணீர் இன்னும் மோசம். டிசம்பரில் நம் ஊரில் மழைத் தண்ணீருக்குப் பஞ்சமா? இரண்டு டிரம் பிடித்து, கொசு புகாமல் துணி கட்டி வையுங்கள், பருவம் முழுக்க வரும். விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் காலையில் ஊற்றுங்கள். அசுவினிப் பூச்சி மொட்டுத் தண்டில் அப்பும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போகும், மீதிக்கு வேப்பெண்ணெய்.

பூவைப் படித்தல்

விதைத்து எழுபது நாளுக்கு மேல், அதாவது தை பிறந்து இரண்டு மூன்று வாரத்தில், நடுத்தண்டிலிருந்து கதிர் எழும். கீழிருந்து மேலாகப் பூக்கும். ஒவ்வொரு பூவும் அவரைப்பூவின் அமைப்பு: மேலே நிமிர்ந்த கொடி அல்லி (அல்லி என்றால் இங்கே பூவிதழ்), இரண்டு பக்கம் சிறகு அல்லி, அவற்றுக்குள் ஒளிந்த படகு அல்லி. ஒரு பூவை எடுத்து இரண்டு சிறகையும் கட்டைவிரலால் மெதுவாகக் கீழே அழுத்துங்கள். படகின் கூர் நுனியிலிருந்து ஆரஞ்சு நிற மகரந்தம் பற்பசை மாதிரி பிதுங்கி வரும். கருவண்டு உட்காரும்போதும் இதுதான் நடக்கிறது, வண்டின் வயிற்றில் ஒட்டிக்கொள்கிறது. இதில் தேன் கிடையாது, மகரந்தம்தான் கூலி.

டெக்சென்சிஸின் கொடி அல்லியில் வெள்ளைப் பொட்டு ஒன்று இருக்கும். பூ திறந்து நாலைந்து நாளில் அது சிவந்து மெஜந்தாவாகும். வெள்ளைப் பொட்டுள்ள புதுப்பூவுக்கே தேனீக்கள் அதிகம் போகும், பழையதைத் தாண்டிவிடும். கதிரின் உச்சியில் மொட்டுக் கூட்டம் வெள்ளைத் தொப்பி போட்ட மாதிரி தெரிந்து, சிற்றிலை பெரும்பாலும் ஐந்தாக, நுனி கூராக இருந்தால் டெக்சென்சிஸ். ஏழு முதல் ஒன்பது சிற்றிலை, முழுச்செடியும் ரோமம், உயரம் என்றால் ஹார்ட்வேகி.

மேற்கு அமெரிக்க மலையில் நேரில் பார்க்கப் போகிறவர்கள் நிறத்தை நம்பாதீர்கள், பெரும்பாலானவை நீலம். இவற்றைப் பாருங்கள்: ஒன்பதுக்கு மேல் பதினேழு வரை சிற்றிலை, மேற்பரப்பு வழவழப்பு, ஈரமான ஓடைக்கரை என்றால் லூபினஸ் பாலிஃபில்லஸ். ஒடுங்கிய சிற்றிலையில் வெள்ளி மினுக்கு, வறண்ட சரிவு என்றால் லூபினஸ் அர்ஜென்டியஸ். தரையோடு பாய் விரித்த மாதிரி, ஒரு சாண் உயரம்கூட இல்லாமல் சியரா நெவாடாவில் நின்றால் லூபினஸ் ப்ரூவரி. அக்கா அனுப்பிய பாரடைஸ் படத்தில் இருந்தது லூபினஸ் லாட்டிஃபோலியஸ், அகலச் சிற்றிலைக்காரர். கைலென்ஸ் இருந்தால் கொடி அல்லியின் முதுகில் ரோமம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இவ்வளவு பார்த்தும் தீராமல் போகலாம். இனங்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன, தாவரவியலாளர்களே ஒத்துப்போவதில்லை.

வாயில் வைக்காதீர்கள், மலையில் எறியாதீர்கள்

காய் மொச்சை மாதிரி, ரோமத்தோடு. குழந்தைகள் உரித்துத் தின்னப் பார்ப்பார்கள். லூபினில் லூபனின், ஸ்பார்ட்டீன் போன்ற கசப்பு அல்கலாய்டுகள் இருக்கின்றன, விஷம். ஊறவைத்த தண்ணீரை மாட்டுக்கு வைக்காதீர்கள் என்றது அதனால்தான். அமெரிக்க மேய்ச்சல் நிலங்களில் சினைமாடு சில லூபின்களைத் தின்று கால் கோணலாகக் கன்று போடுவதுண்டு. போர்ச்சுகல், பெரு போன்ற இடங்களில் சில இனங்களின் கொட்டையை நாள்கணக்கில் தண்ணீர் மாற்றிக் கசப்பெடுத்துச் சாப்பிடுகிறார்கள். அது அவர்கள் கைப்பழக்கம், நமக்கு வேண்டாம். நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு லூபினும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

இன்னொன்று. சென்னையில் வரவில்லை என்று மிஞ்சிய விதையை ஊட்டி, கொடைக்கானல் பயணத்தில் சாலையோரம் தூவும் நல்லெண்ணம் யாருக்காவது வந்தால், தயவுசெய்து வேண்டாம். ஐஸ்லாந்தில் 1945இல் மண் அரிப்பைத் தடுக்கக் கொண்டுவந்த அலாஸ்கா லூபின் இன்று உள்ளூர்ச் செடிகளை அமுக்கிக்கொண்டு பரவுகிறது. நியூசிலாந்தின் ஆற்றுப்படுகைகளிலும் இதே கதை. நீலகிரியில் வெள்ளைக்காரர் கொண்டுவந்த கோர்ஸ், ஸ்காட்ச் ப்ரூம் என்ற புதர்களும் இதே பயறுக் குடும்பம்தான். அவை சோலைப் புல்வெளியைத் தின்றுகொண்டிருப்பதே போதும்.

வருடம் முழுக்க லூபின் ஜாடை வேண்டும் என்றால் நம் கிலுகிலுப்பையை வளருங்கள். காலி மனையில் மழைக்குப் பின் நீலமும் வெள்ளையும் கலந்து பூக்கும் ஒரு வகை உண்டு, நாற்கோணத் தண்டு, ஒற்றை இலை. அதன் பூவிலும் பத்து மகரந்தத்தாளும் ஒரே குழலாக இணைந்து, ஐந்து நீளமும் ஐந்து குட்டையுமாக இருக்கும், லூபினில் இருப்பது போலவே. இரண்டும் நெருங்கிய சொந்தம். வாடிய செடியில் நீலப்புலி வண்ணத்துப்பூச்சிகள் கொத்தாக வந்து உறிஞ்சும். இதுவும் விஷம்தான், ஆனால் போர்வெல் தண்ணீருக்கு முகம் சுளிக்காது.

காய் வெடிக்கும் முன்

மாசிக் கடைசியில் செடி கீழிருந்து காயத் தொடங்கும். எனக்குப் போன பருவம் இரண்டு செடியில் நாலே காய். வெயில் ஏறியபின் வந்த பூவெல்லாம் கொட்டிவிட்டது. காய் பழுப்பாகிக் கிலுகிலுத்ததும் பழைய மல்துணியை முடிச்சாகக் கட்டிவிடுங்கள். மத்தியான வெயிலில் காயின் இரு பாதியும் முறுக்கிக்கொண்டு 'டப்' என்று வெடித்து விதை பக்கத்து மாடிக்கே போகும். சேர்ந்ததை நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, கண்ணாடி டப்பாவில் இனப்பெயரும் தேதியும் எழுதி மூடுங்கள். டப்பாவைச் சமையலறையில் மட்டும் வைக்காதீர்கள். பார்க்கப் பயறு மாதிரியே இருக்கும். என் அம்மா ஒருமுறை சுண்டலுக்கு ஊறவைக்கக் கையில் எடுத்துவிட்டார்.